நிப்பாவைத் தேடிப் பிடித்தவர்கள்: ஒரு வைரஸுக்குப் பின்னால் எத்தனை துறைகள்!

நிப்பா வைரஸ் என்றதும் இன்றைய மாணவர்கள் பலருக்குக் கேரளாதான் நினைவுக்கு வருகிறது. 2018-இல் கோழிக்கோட்டில் பரவியபோது தமிழ்ச் செய்திகள் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் அடிபட்டது. ஆனால் அந்தப் பெயர் கேரளாவில் பிறந்ததல்ல. நம் நெகிரி செம்பிலானில் பிறந்தது. மந்தினிலிருந்து காரில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடக்கூடிய சுங்கை நிப்பா என்ற சிற்றூர்தான் அந்த வைரஸுக்குப் பெயர் கொடுத்தது. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில், புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் இருக்கிறது அந்த ஊர்.

மந்தின் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் மாலை நேரத்தில் அறிவியல் பாடம் சொல்லித் தருகிறேன். எங்கள் பக்கத்து ஊரில் நடந்த இந்தக் கதையை அவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்று இணையத்தில் தேடினால் உடனே கிடைத்துவிடும். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர்கள் யார், எந்தெந்தத் துறையிலிருந்து வந்தார்கள், ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எப்படித் தொடர்ந்தார் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

கொசு என்று நம்பிய நாடு

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்து, நினைவு தப்பி, உயிரும் போனது. அறிகுறிகள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் போலவே இருந்தன. அந்த நோய் கொசுவால் பரவும். பன்றியின் உடலில் பெருகும். சிலரின் இரத்தப் பரிசோதனையும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே காட்டியது. ஆகவே கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நான் அப்போது பள்ளி மாணவன். எங்கள் லயத்தில் புகை அடித்துவிட்டுப் போன பிறகு மணிக்கணக்கில் வீட்டுக்குள் அந்த வாடை நிற்கும்.

நோய் நிற்கவில்லை. பேராக்கில் பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளை மலிவு விலைக்கு விற்றார்கள். அவற்றை ஏற்றிய லாரிகளோடு கிருமியும் தெற்கே வந்தது. முதலில் சிரம்பானுக்கு அருகிலுள்ள சிக்காமாட். பிறகு அன்று நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதியாக இருந்த புக்கிட் பெலாண்டோக். 1999 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நோயாளிகள் அலையலையாக மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைகளில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இங்கேதான் சிலருக்குச் சந்தேகம் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் திடகாத்திரமான ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. ஒரே வீட்டில், அதே கொசுக்கடியில் தூங்கிய மனைவி மக்கள் பலர் நன்றாக இருக்க, பன்றியைத் தொட்டு வேலை செய்தவர் மட்டும் படுத்தார். அதோடு பன்றிகளும் நோயுற்றிருந்தன. தொலைவில் இருப்பவருக்கும் கேட்கும்படி, நாய் குரைப்பதுபோல் இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வளர்ந்த பன்றியை இப்படிப் படுத்தாது. பண்ணைக்காரர்கள் இதைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்றி முதலில் இருமுகிறது, பிறகு மனிதன் விழுகிறான் என்பது எந்த ஆய்வுக்கூடத்திற்கும் முன்பே அவர்களுக்குத் தெரிந்த வரிசை.

படுக்கை அருகிலிருந்து நுண்ணோக்கி வரை

கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்த நோயாளிகளைக் கவனித்தவர்கள் டாக்டர் தான் சோங் தின், டாக்டர் கோ கியன் ஜின் போன்ற நரம்பியல் மருத்துவர்கள். அவர்கள் செய்தது சிகிச்சை மட்டுமல்ல. ஒவ்வொரு நோயாளியின் வயது, வேலை, காய்ச்சல் தொடங்கிய நாள், கைகால் வெட்டி இழுத்த விதம் என எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்தார்கள். 94 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து அவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைதான் இந்நோயை அடையாளம் காண உலக மருத்துவர்களுக்கு வழிகாட்டியது. அந்த 94 பேரில் 93 விழுக்காட்டினர் பன்றிகளோடு நேரடித் தொடர்பில் இருந்தவர்கள்.

அதே வளாகத்தில், மருத்துவ நுண்ணுயிரியல் பிரிவில் இருந்தார் டாக்டர் சுவா காவ் பிங். பேராசிரியர் லாம் சாய் கிட் தலைமையிலான பிரிவு அது. மார்ச் மாதத் தொடக்கத்தில், இறந்த நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் விட்டுக் காத்திருந்தார் சுவா. சில நாட்களில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து பெரிய பெரிய திட்டுகளாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி இந்த வேலையைச் செய்யாது. இது வேறொன்று!

அதை உறுதிசெய்யும் வசதி அப்போது இங்கே போதவில்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு சுவா அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்தில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அது தட்டம்மை, கூகைக்கட்டு வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. கொசுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஹெண்ட்ரா என்ற புறநகர்ப் பகுதியில் குதிரைகளையும் ஒரு பயிற்சியாளரையும் கொன்ற வைரஸுக்கு இது நெருங்கிய உறவு.

அந்த ஒரு விடையோடு நாட்டின் நடவடிக்கை திசை மாறியது. கொசுவைத் துரத்துவதை விட்டுப் பன்றிகளின் நடமாட்டத்தை நிறுத்தினார்கள். நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்தக் கொடுமையான வேலைக்கு இராணுவ வீரர்களும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 1,412 பேரைப் பின்னர் பரிசோதித்ததில் 6 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. மே மாதத்தோடு நோய் அடங்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மலேசியாவில் 265 பேர் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாகி, 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்து, ஒருவர் இறந்தார்.

ஆளுக்கொரு கேள்வி

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கிருமியைப் பிரித்தெடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. அதன் பிறகுதான் பல துறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் துறைக்கே உரிய கேள்வியைக் கேட்டார்கள்.

நோய்க்குறியியல் நிபுணர் வோங் கும் தோங், இந்தக் கிருமி உடலுக்குள் என்ன செய்கிறது என்று கேட்டார். இறந்தவர்களின் திசுக்களை ஆராய்ந்த அவரது குழு, வைரஸ் சிறிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கி அடைப்பு உண்டாக்குவதைக் காட்டியது. கதிரியக்கப் படமெடுக்கும் நிபுணர்கள் மூளையில் சிதறிக் கிடந்த சின்னச் சின்னப் புள்ளிகளைக் கண்டார்கள். இரண்டு பேர் பார்த்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தியது.

தொற்றுநோயியல் நிபுணர்கள், யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று கேட்டார்கள். அமெரிக்க மையத்திலிருந்து வந்த உமேஷ் பராஷர், மலேசியச் சுகாதார அதிகாரிகளோடு சேர்ந்து நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார். நோயுற்ற பன்றியை நெருங்கி வேலை செய்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பது எண்களில் தெரிந்தது. கையில் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய், குடும்பத்தில் ஒருவரை இழந்து நிற்பவரிடம் பொறுமையாகப் பேசிப் பதில் வாங்கும் வேலை அது. அதில் புள்ளியியல் அறிவும் வேண்டும். மனிதரோடு பழகத் தெரிந்த நாக்கும் வேண்டும்.

கால்நடை மருத்துவர்கள், பன்றிக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். ஹெண்ட்ரா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வந்தது என்பதை ஆஸ்திரேலியாவில் தேடிக் கண்டவர்களில் ஒருவர் ஹியூம் ஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர். அவரும் இங்கே வந்தார். கால்நடைத் துறையைச் சேர்ந்த ஜோஹாரா முகமட் யோப் தலைமையில் மலேசியக் குழு 14 வகைகளைச் சேர்ந்த 324 வௌவால்களின் இரத்தத்தைச் சோதித்தது. 21 வௌவால்களிடம் நிப்பாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் எதிர்ப்பொருள் என்பது திருடன் வந்துபோன காலடித் தடம் மாதிரி. திருடனைப் பிடிக்க வேண்டுமே!

பிடித்தது மறுபடியும் சுவா காவ் பிங்கின் குழுதான். வௌவால்களைப் பிடித்துச் சோதித்தும் உயிருள்ள வைரஸ் கிடைக்காததால் அவர்கள் வேறு வழி கண்டார்கள். தியோமான் தீவில் வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும் மரங்களின் அடியில் நெகிழித் தாள்களை விரித்து, மேலிருந்து விழும் சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தார்கள். கடித்துப் போட்ட ஜம்புப் பழத்தையும் விட்டுவைக்கவில்லை. சிறுநீர், கடித்த பழம் இரண்டிலிருந்தும் நிப்பா வைரஸைப் பிரித்தெடுத்து 2002-இல் வெளியிட்டார்கள். மூளை நோயாளியின் படுக்கையில் தொடங்கிய தேடல் ஒரு தீவின் மரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

பண்ணையின் கணக்குப் புத்தகம்

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. வௌவால்கள் காலம் காலமாக இங்கே இருக்கின்றன. பன்றிகளும் இருக்கின்றன. அப்படியிருக்க 1998-இல் மட்டும் ஏன்?

1997-98 புகைமூட்டத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். காட்டுத் தீயும் வறட்சியும் வௌவால்களைக் காட்டிலிருந்து பழத்தோட்டங்களுக்கு விரட்டியிருக்கலாம் என்று சுவா ஒரு கருத்தை முன்வைத்தார். நம்பத்தக்கதாகவே தோன்றியது. ஆனால் அறிவியலில் தோன்றினால் போதாது. ஹெனிப்பா வைரஸ் சூழலியல் ஆய்வுக்குழு என்ற பெயரில் மலேசிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து அதைச் சோதிக்கப் புறப்பட்டார்கள். பல துறைகளைக் கோத்த ஆய்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஈப்போ கால்நடை ஆய்வுக் கழகத்தின் சோஹாயாத்தி அப்துல் ரஹ்மான் வௌவால்களிலும் ஆய்வுக்கூடத்திலும் வைரஸைத் தேடினார். ஜொனத்தன் எப்ஸ்டீன் என்ற கால்நடை மருத்துவர் பெரிய பழந்தின்னி வௌவால்களின் உடலில் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்திப் பறக்கவிட்டார். அவை மலேசிய எல்லையோடு நிற்கவில்லை. சுமத்ராவுக்கும் தாய்லாந்துக்கும் போய்வந்தன. ஜூலியட் புல்லியம் அப்போது முனைவர் பட்ட ஆய்வு மாணவி; கணிதத்தைக் கொண்டு நோய்ப் பரவலைப் படித்தவர். நோய் முதலில் தோன்றிய ஈப்போ பண்ணையின் பன்றி இறப்புப் பதிவுகள் அவர்கள் கைக்குக் கிடைத்தன.

அந்தப் பண்ணையில் 30,000-க்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்தன. தொழுவங்களை ஒட்டி மாமரங்கள். மாம்பழம் தின்ன வௌவால் வருகிறது, கடித்த பழமும் சிறுநீரும் கீழே விழுகின்றன, பன்றி தின்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, வைரஸ் ஒருமுறை அல்ல, இருமுறை பண்ணைக்குள் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. முதல்முறை வந்தபோது வேகமாகப் பரவி, தானாக அணைந்துபோனது. இரண்டாம்முறை வந்தபோது பன்றிகள் பலவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. மற்றவற்றுக்கு இல்லை. ஆகவே நெருப்பு குபீரென்று எரிந்து அணையாமல், உமியில் பிடித்த தீ மாதிரி நீண்ட நாள் கனன்றது. அப்படிக் கனன்ற காலத்தில்தான் பன்றிகள் விற்கப்பட்டு, கிருமி நம் மாநிலம்வரை வந்தது. இந்த ஆய்வு 2012-இல் வெளியானது. புகைமூட்டத்தைவிட, பண்ணையும் பழத்தோட்டமும் ஒரே இடத்தில் பெரிதாக வளர்ந்ததே முக்கியக் காரணம் என்று அது சொன்னது.

இதில் மருந்தில்லாத ஒரு மருந்து கிடைத்தது. பழமரத்தைத் தொழுவத்திலிருந்து தள்ளி வை. அவ்வளவுதான்! மனிதருக்கான அங்கீகரிக்கப்பட்ட நிப்பா தடுப்பூசி இன்றுவரை இல்லை. ஆனால் 1999-க்குப் பிறகு மலேசியாவில் மனிதரிடம் நிப்பா தொற்று பதிவாகவில்லை.

"டாக்டர் ஆகலைன்னா...?"

போன ஆண்டு என்னிடம் படித்த ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், எனக்கு மெடிசின் கிடைக்காதுன்னு தெரியும். அப்புறம் பயாலஜி படிச்சு என்ன சார் பிரயோஜனம்? அக்கவுண்ட்ஸ் எடுத்துடவா?"

அவள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். அம்மா நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர்களுக்குத் தெரிந்த அறிவியல் வேலை ஒன்றே ஒன்று: டாக்டர். அது இல்லையென்றால் அறிவியலே வேண்டாம் என்ற முடிவுக்கு நம் குடும்பங்கள் வந்துவிடுகின்றன. எஸ்.பி.எம். பாட அடைவைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு வாரத்தில் எத்தனையோ கதவுகள் சத்தமில்லாமல் மூடப்படுகின்றன.

நான் அவளிடம் நிப்பா கதையைத்தான் சொன்னேன். நோயாளியைத் தொட்ட மருத்துவர்கள் அந்தக் கதையில் ஒரு பகுதிதான். மீதிப் பேர் யார் யார்? மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூட நுட்பாளர். கால்நடை மருத்துவர். வௌவாலின் வகையைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த விலங்கியல் ஆள். எண்களை வைத்துக் கதை படிக்கத் தெரிந்த கணிதக்காரர். வரைபடத்தில் பண்ணைகளையும் தோட்டங்களையும் குறித்தவர். கால்நடை மருத்துவம் கற்பிக்கும் புத்ரா பல்கலைக்கழகம் செர்டாங்கில்தான் இருக்கிறது, மந்தினிலிருந்து தூரமில்லை. மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், புள்ளியியல், சூழலியல், உயிர்மருத்துவ அறிவியல் என்று டிப்ளோமாவிலும் பட்டத்திலும் வழிகள் உண்டு. அக்கவுண்ட்ஸ் எடுப்பது தவறில்லை. பண்ணையின் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவரும் அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டார். ஆனால் பயந்து போய் எடுக்காதே என்றேன். அவள் இப்போது ஆறாம் படிவத்தில் அறிவியல் படிக்கிறாள்.

கடல் கடந்து போன பாடம்

நம் ஊரில் சேர்த்த அறிவு இங்கேயே தங்கிவிடவில்லை. வங்காளதேசத்தில் 2001 முதல் நிப்பா தலைகாட்டியபோது பன்றியே இல்லாமல் பரவியது. அங்கே மருத்துவர்களோடு மானுடவியலாளர்களும் கிராமங்களில் போய் உட்கார்ந்து, மக்கள் என்ன உண்கிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்று கேட்டார்கள். குளிர்காலத்தில் இறக்கும் பேரீச்ச மரச் சாறு என்று தெரிந்தது. இரவில் இயங்கும் கேமராவை மரத்தில் கட்டிப் பார்த்தால், வௌவால்கள் வந்து சாறு வடியும் இடத்தை நக்கின. மூங்கில் தட்டி வைத்து மரத்தை மூடச் சொன்னார்கள்.

கேரளாவில் 2018-இல் கோழிக்கோட்டு மருத்துவமனையில் டாக்டர் அனூப் குமாரும் சக மருத்துவர்களும், ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து விழுந்தவர்களைப் பார்த்து உடனே சந்தேகப்பட்டார்கள். மணிப்பால் ஆய்வுக்கூடத்தில் அருண்குமாரின் குழு நிப்பா என்று சொன்னது. அதற்குள் முதல் நோயாளியைக் கவனித்த தாதி லினி தொற்றுக்கு ஆளாகி, மே 21-ஆம் நாள் இறந்தார். 17 உயிர்கள் போயின. ஆனாலும் சில வாரங்களில் அது அடங்கியது. இங்கே 1998 செப்டம்பர் முதல் 1999 மார்ச் வரை பெயர் தெரியாமல் தவித்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறக்கக் கூடாதவர்கள்

ஆய்வுக் கட்டுரைகளில் பெயர் வராதவர்களையும் சொல்லியாக வேண்டும். தங்கள் இரத்தத்தையும், இறந்த உறவினரின் திசுக்களையும், பண்ணைப் பதிவேடுகளையும் ஆய்வுக்குக் கொடுத்தவர்கள் புக்கிட் பெலாண்டோக், ஈப்போ வட்டாரத்து எளிய மக்கள். வாழ்நாள் சம்பாத்தியத்தைச் சில நாட்களில் குழிக்குள் பார்த்தவர்கள் அவர்கள். பிழைத்த சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்பவும் வந்தது. டாக்டர் தான் சோங் தின் குழு அவர்களைத் தொடர்ந்து கவனித்ததால்தான் அது உலகுக்குத் தெரிந்தது. சுங்கை நிப்பா மக்களுக்குத் தங்கள் ஊரின் பெயரே ஒரு பாரமாகிப் போனது. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. அந்த மக்களுக்கு அது தாமதமாக வந்த நியாயம். இன்று அந்த ஊரிலேயே நிப்பா அருங்காட்சியகம் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு இடம் தேடும் ஆசிரியர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

வௌவால்களைக் கொன்றுவிடலாமே என்று கேட்கும் மாணவர் எப்போதும் ஒருவர் இருப்பார். அதற்கும் ஆய்வாளர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். மலேசியச் சூழலியலாளர் ஷீமா அப்துல் அஜிஸ், அதே தியோமான் தீவில், அதே இன வௌவால்களைக் கேமரா வைத்துக் கவனித்தார். அவை டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்து காய்ப்பைக் கூட்டுகின்றன என்று அவர் குழு 2017-இல் காட்டியது. வௌவாலை விரட்டினால் டுரியானும் குறையும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அணில் கடித்த பழம் இனிக்கும் என்று நாமெல்லாம் எடுத்துத் தின்று வளர்ந்தவர்கள். மரத்தடியில் கிடக்கும் கடிபட்ட பழத்தை இனி எடுக்காதீர்கள். நல்ல பழத்தையும் கழுவிச் சாப்பிடுங்கள். அந்தி நேரத்தில் ரம்புத்தான் மரத்துக்கு மேலே கூட்டமாகப் பறந்து வரும் வௌவால்களைப் பார்த்தால் கல்லெறியாமல், அவை எங்கிருந்து வருகின்றன, எந்த மாதத்தில் வருகின்றன, எந்தப் பழத்துக்கு வருகின்றன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். சோஹாயாத்தியும் எப்ஸ்டீனும் வௌவால்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பியதும் இவற்றைத்தான்.